தலைமடை கடலில், கடைமடை மலையில்

அயர்லாந்தின் கால்வே நகரத்தில் செவிலியராக இருக்கும் என் அண்ணன் மகள், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்தாள். நீலகிரியின் எமரால்டில் மழை எப்படி, பாட்டியின் முழங்கால் வலி எப்படி என்று விசாரித்து முடித்த பிறகு, தான் அன்று காலை கொரிப் ஆற்றின் பாலத்தில் அரைமணி நேரம் நின்றதைச் சொன்னாள். அந்தப் பாலத்துக்குச் சால்மன் அணைப் பாலம் என்றே பெயர். கோடையில் கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீன்கள், நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வடக்கே வைத்தபடி அசையாமல் நிற்பதை மேலேயிருந்தே பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு அங்கே போயிருக்கிறாள். மூன்றே மீன்கள்தாம் அவள் கண்ணில் பட்டிருக்கின்றன. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், தம் தந்தையும் தாமும் கடலில் வலை போட்டுப் பிழைத்தவர்கள் என்றும், 2007-ல் அந்த வலையை அரசு நிறுத்திவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். "கடலில் பிடிப்பதை நிறுத்தினால் ஆறு நிறைய வேண்டாமா, சித்தப்பா? எங்கே போயிற்று அந்த மீனெல்லாம்?" என்று கேட்டாள். தொலைபேசியில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மலையில் இருப்பவனுக்குச் சால்மனைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் நினைக்கக்கூடும். என் தந்தை அவலாஞ்சியில், ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனின் குஞ்சு பொரிப்பகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். 1863-ல் மீனியலாளர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் இந்த ஓடைகளில் நிலைத்தது. பள்ளி விடுமுறையில் தந்தையோடு போய் நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. சினை முற்றிய தாய்மீனை ஈரத்துணியில் பிடித்து, வயிற்றின் மேல் கட்டைவிரலை வாலை நோக்கி மெல்ல நகர்த்துவார். உளுந்து அளவிலான செம்மஞ்சள் முட்டைகள் எனாமல் தட்டில் சரசரவென்று விழும். தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக்கூடாது என்று முன்னதாகவே துடைத்து வைத்திருப்பார், ஏனென்றால் தண்ணீர் பட்டவுடன் முட்டையின் நுண்துளை மூடத் தொடங்கிவிடும், பிறகு ஆண்மீனின் விந்து உள்ளே புகாது. இரண்டு ஆண்மீன்களின் விந்தை அதன்மேல் பீய்ச்சி, கோழி இறகால் கலக்கிய பின்புதான் தண்ணீர் ஊற்றுவார். அந்த ஆண்டுக்கு எத்தனை தாய்மீன்கள் வேண்டும் என்பதை முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் மீதி மீனைப் பற்றிப் பேசுவது அவர் வழக்கம். இந்த வானவில் ட்ரவுட்டை 1989-ல் அறிவியலாளர்கள் பசிபிக் சால்மன்களின் பேரினத்திலேயே சேர்த்தார்கள். அதன் சொந்த ஊரான பசிபிக் கரையில் இதே இனத்தில் ஒரு பகுதி கடலுக்குப் போய் வளர்ந்து திரும்புகிறது. அதை ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். நம்முடையவற்றுக்கு அந்த வழி இல்லை. அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானிக்கும் காவிரிக்கும் போய்ச் சேர்வதற்குள், குளிர்நீர் மீனால் உயிர்தாங்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடுகிறது.

ஊட்டி மார்க்கெட்டில் சால்மன் என்று சொல்லி விற்பது பெரும்பாலும் காலா மீன். அது நல்ல மீன்தான், ஆனால் சால்மனுக்கு உறவே இல்லை. நான் சொல்லவந்த அட்லாண்டிக் சால்மன், குளிர்ந்த ஆற்றின் சரளைக்கல் படுகையில் முட்டையிலிருந்து வெளிவந்து, ஒன்று முதல் நான்கைந்து ஆண்டுகள் வரை ஆற்றிலேயே வளர்ந்து, பன்னிரண்டு, பதினைந்து சென்டிமீட்டர் நீளம் வந்ததும் உடல் வெள்ளியாக மாறி, உப்புநீருக்குத் தயாராகி, வசந்தகாலத்தில் கடலுக்குப் புறப்படுகிறது. இப்படிப் புறப்படும் குஞ்சுக்கு ஸ்மோல்ட் என்று பெயர். ஓராண்டு கடலில் தின்று கொழுத்துத் திரும்புபவை ஒரு வகை. இரண்டு, மூன்று குளிர்காலங்களைக் கடலில் கழித்துப் பெரிதாகித் திரும்புபவை இன்னொரு வகை. இரண்டும் பிறந்த ஆற்றுக்கே, பெரும்பாலும் பிறந்த கிளையோடைக்கே திரும்பிவந்து முட்டையிடுகின்றன. கடலில் கலந்து மேயும் ஆயிரக்கணக்கான மீன்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த ஊர் இருக்கிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை.

நம் ஊர் வாய்க்கால் பாசனத்தில் தலைமடைக்காரர் முதலில் தண்ணீர் எடுப்பார், கடைமடைக்காரர் மிச்சத்துக்குக் காத்திருப்பார். சால்மனுக்கு இது தலைகீழ். மீன் கடலிலிருந்து மலையை நோக்கி வருவதால், தலைமடை தொலைகடலில் இருக்கிறது. கரையோர வலைகள் நடுமடை. கழிமுகக் கரைவலை அதற்கடுத்த மடை. மீன் பிறந்த ஓடைதான் கடைமடை. தலைமடையை அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று எந்த விவசாயியும் நம்பமாட்டார். நடுவில் எத்தனை மதகுகள் திறந்திருக்கின்றன, ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார். அந்த இரண்டு கேள்விகளும்தான் என் அண்ணன் மகளுடைய கேள்விக்கும் விடை.

தலைமடையின் கதை 1950-களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பிறந்த சால்மன்கள் மேற்குக் கிரீன்லாந்துக் கடலில் மேய்கின்றன என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியவந்தது. 1960-ல் அங்கே பிடிபட்டது சுமார் 60 டன்; மிதக்கும் செவுள் வலைகளோடு வெளிநாட்டுப் படகுகளும் வந்துசேர்ந்த பிறகு, 1971-ல் அது சுமார் 2,700 டன் ஆனது. பதினோரே ஆண்டுகளில் நாற்பது மடங்கைத் தாண்டிவிட்டது. ஃபரோ தீவுகளுக்கு வடக்கே ஆயிரங்கால் தூண்டிலில் (நீண்ட கயிற்றில் நிறையக் கொக்கிகள் கட்டியது) பிடித்தது 1981-ல் ஆயிரம் டன்னைத் தொட்டது. ஆறு வைத்திருக்கும் நாடுகள் பதறின. 1976 முதல் கிரீன்லாந்துக் கடலில் உள்ளூர் மீனவர்களுக்கு மட்டும் 1,190 டன் என்று வரம்பு வந்தது. 1983 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வட அட்லாண்டிக் சால்மன் பாதுகாப்பு உடன்படிக்கை, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் சால்மன் பிடிப்பதையே பெரும்பாலான பகுதிகளில் தடைசெய்தது. கிரீன்லாந்துக்கு மேற்குக் கரையில் 40 கடல் மைல் வரையும், ஃபரோ தீவுகளுக்குத் தம் எல்லைக்குள்ளும் விலக்கு உண்டு. அந்த விலக்கையும் பணம் கொடுத்து அடைத்தவர் ஐஸ்லாந்துக்காரரான ஓரி விக்ஃபூசன். அவர் தொடங்கிய நிதியம் 1991-ல் ஃபரோ மீனவர்களின் ஒதுக்கீட்டை விலைக்கு வாங்கியது. 1993, 1994 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குக் கிரீன்லாந்தின் வணிகப் பிடிப்பையும் அதேபோல் வாங்கி நிறுத்தியது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இலையுதிர்காலத்தில் கிரீன்லாந்தில் 100 சால்மன்களைப் பிடிக்காமல் விட்டதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மீனின் எடை சராசரியாக 3 கிலோ. ஆக, 300 கிலோ மீனை விட்டுவிடுகிறோம். அவை ஊர்திரும்பப் பத்து மாதம் ஆகும். வலையே இல்லாவிட்டாலும் சீல், சுறா, நோய் என்று கடலில் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று சாகும் என்பது அறிவியலாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவு. அப்படியானால் 74 மீன்கள் கரைக்கு வந்துசேரும். அதற்குள் ஒவ்வொன்றும் நாலரைக் கிலோவுக்கு வளர்ந்திருக்கும் என்று வைத்தால், மொத்தம் 330 கிலோவுக்கு மேல். எண்ணிக்கையில் 26 போய்விட்டது, எடையில் கொஞ்சம் கூடியிருக்கிறது. தராசில் மட்டும் பார்ப்பவருக்கு இது பெரிய லாபமாகத் தோன்றாது. ஆனால் கிரீன்லாந்துவரை போகும் மீன்களில் பெரும்பான்மை பெண்மீன்கள். பத்துக்கு ஏழு என்று கொண்டால் 52 தாய்மீன்கள். கிலோவுக்கு ஏறத்தாழ 1,500 முட்டை வீதம் ஒன்றுக்கு 6,750 ஆகிறது. மொத்தம் மூன்றரை லட்சம் முட்டைகள். கிரீன்லாந்தில் ஏற்றிய ஒவ்வொரு வலையிலும் உண்மையில் போனது இதுதான். என் தந்தை இருந்திருந்தால் எடையைக் கேட்டிருக்கவே மாட்டார், தாய்மீன் எத்தனை என்றுதான் கேட்டிருப்பார்.

கணக்கு இன்னும் முடியவில்லை. ஆற்றில் இடப்படும் முட்டைகளில் நூற்றுக்கு ஒன்றுதான் ஸ்மோல்ட் ஆகிக் கடலுக்குப் போகும் என்று தோராயமாகக் கொண்டால், மூன்றரை லட்சம் முட்டைகளிலிருந்து 3,500 குஞ்சுகள் புறப்படும். கடல் நன்றாக இருந்த காலத்தில் அவற்றில் நூற்றுக்குப் பதினைந்து திரும்பியது என்றால், 525 மீன்கள் ஆற்றைத் தேடி வந்திருக்கும். நூற்றுக்கு ஐந்துதான் திரும்புகிறது என்றால் 175. அதே தாய்மீன்கள், அதே ஆறு, அதே தடை. கடலின் நிலை மட்டும் மாறினால் 350 மீன்கள் காணாமற்போகின்றன. தொலைகடலில் வலையை நிறுத்தி நாம் காப்பாற்றியது 74 என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கால்வே பாலத்தில் மூன்றே மீன்கள் நின்றதன் காரணம் பாதி விளங்கும்.

மீதிப் பாதி, அந்த 74 மீன்கள் எந்த ஊர் மீன்கள் என்பதில் இருக்கிறது. கிரீன்லாந்தில் மேய்பவை கனடாவின் மிராமிச்சியிலிருந்தும், ஸ்காட்லாந்தின் டே, டீ ஆறுகளிலிருந்தும், இன்னும் நூற்றுக்கணக்கான ஆறுகளிலிருந்தும் வந்தவை. அண்மைப் பத்தாண்டுகளில் அவற்றில் பெரும்பங்கு வட அமெரிக்க மீன்கள். அங்கே போகிறவை, இரண்டு குளிர்காலம் கடலில் தங்கிப் பெரிதாகித் திரும்ப இருப்பவை. அயர்லாந்தின் சால்மன்களில் மிகப் பெரும்பாலானவையோ ஒரே குளிர்காலத்தில் திரும்பிவிடும் வகை. அவை அவ்வளவு தூரம் போவதே இல்லை. ஆகவே கிரீன்லாந்தில் வலை குறைந்ததன் பலன் முதன்மையாகக் கனடாவுக்கும், பெரிய வசந்தகால மீன் ஏறும் ஸ்காட்லாந்து ஆறுகளுக்கும் போயிற்று. ஃபரோ தூண்டில் நின்றதன் பலனில் பெரும்பகுதி நார்வேக்குப் போயிற்று. கொரிப் ஆற்றுக்குத் தலைமடை என்பதே அயர்லாந்தின் சொந்தக் கரைதான். ஒரு தடை எல்லா ஆறுகளுக்கும் ஒரே அளவில் உதவும் என்று பேசுவோரை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இப்போது நடுமடைக்கு வருகிறேன். தொலைகடலில் தப்பித்த மீன் ஆற்றுவாய்க்கு வருமுன் கரையோரமாக நீந்துகிறது. அங்கே மிதவலை போட்டிருந்தால், கிரீன்லாந்துக்காரர் விட்டது கரைக்காரரின் வலையில் விழுகிறது. கரையோரப் பிடிப்பு கூடும், ஆற்றின் பிடிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் விழுந்தவை அயர்லாந்து மீன்கள் மட்டும் அல்ல; இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பிரான்சுக்கும் போகவேண்டியவையும் அவற்றில் இருந்தன. அதேபோல இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையின் மிதவலைகள் ஸ்காட்லாந்தின் ஆறுகளுக்குப் போகும் மீனை வழிமறித்தன. 2003-ல் அங்கே உரிமம் வைத்திருந்த 68 பேரில் 52 பேர் இழப்பீடு பெற்று விலகினார்கள், எஞ்சியவர்களின் மிதவலையும் 2019 பருவம் முதல் நின்றது. ஸ்காட்லாந்து 2016-ல் கரையோரத்தில் சால்மனைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தடைசெய்தது. அயர்லாந்து படிப்படியாகப் போயிற்று. 1997-ல் மிதவலையைக் கரையிலிருந்து 12 கடல் மைலிலிருந்து 6 கடல் மைலுக்குள் சுருக்கி, இரவில் போடக்கூடாது என்றும் விதித்தது. பிறகு மீனுக்கு மீன் அடையாளப் பட்டை, மொத்த ஒதுக்கீடு என்று இறுக்கி, கடைசியில் 2007-ல் முழுவதுமாக நிறுத்தியது. 1997-ன் அந்த இடைக்கட்டத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தொலைவைக் குறைத்தார்கள், ஆனால் கலந்த கூட்டத்தில் பிடிப்பது நிற்கவில்லை. ஆறு மைலுக்குள் வரும் மீனுக்கும் அது எந்த ஆற்று மீன் என்று நெற்றியில் எழுதியிருப்பதில்லை. நலிந்த ஆற்றின் கடைசி ஐம்பது தாய்மீன்களும், செழித்த ஆற்றின் ஐயாயிரமும் ஒரே வலையில் ஒரே விதமாகத்தான் விழுகின்றன.

தடைக்குப் பின் முதல் ஓரிரு ஆண்டுகளில் அயர்லாந்தின் பல ஆறுகளில் மீன் கூடியது. வலை நின்றால் மீன் ஆற்றுக்கு வரும் என்பது அத்துடன் உறுதியாயிற்று. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, வந்ததும் நிலைக்கவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1992-ல் வணிகப் பிடிப்பை நிறுத்தியபோதும் ஏறக்குறைய இதுவேதான் நடந்தது. இன்று பல ஆறுகளில் கடலுக்குப் போகும் நூறு குஞ்சுகளில் ஐந்துகூடத் திரும்புவதில்லை. வட அட்லாண்டிக் சூடாகிறது, உணவுச் சங்கிலி மாறுகிறது. கரையோரக் கூண்டுப் பண்ணைகளில் பெருகும் கடல் பேன், அந்த வழியாகப் போகும் மெல்லிய குஞ்சுகளைப் பற்றிக்கொள்கிறது. ஆற்றுக்குள் தடுப்பணைகளும் கழிவும் காத்திருக்கின்றன. 2006-க்கும் 2020-க்கும் இடையில் உலகின் அட்லாண்டிக் சால்மன் தொகை 23 சதவீதம் குறைந்துவிட்டதென்று கூறி, 2023-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அச்சுறுத்தலுக்கு அருகில் உள்ள இனமாக அறிவித்தது. தொலைகடல் வலைகள் ஏறக்குறைய இல்லாமற்போன காலத்தில் ஏற்பட்ட குறைவு இது. இதை வைத்துத் தடை வீண் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. நூற்றுக்குப் பதினைந்து திரும்பிய காலத்தில் வலையும் பிடிக்கலாம், தூண்டிலும் பிடிக்கலாம், மிச்சம் முட்டையிடப் போதும். நூற்றுக்கு ஐந்து திரும்பும்போது அந்த ஐந்தில் இரண்டை யாரென்று தெரியாமல் எடுப்பதற்கு இடமே இல்லை. ஏரி வற்றும் ஆண்டில்தான் மதகுக்குக் காவல் கூடுதலாக வேண்டும்.

பாலத்தில் நின்ற அந்தப் பெரியவரின் மனக்குறையைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. கடலில் சிறுபடகு வைத்து, கோடையின் இரண்டு மாத சால்மன் பிடிப்பில் ஆண்டு முழுவதற்குமான பணத்தில் ஒரு பகுதியைச் சம்பாதித்த குடும்பங்கள் அவர்களுடையவை. அவர்களுக்கு நிவாரணம் கொடுத்தார்கள். ஆனால் படகு போன பின், மகனுக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லாமற்போவதற்கு எந்த நிவாரணமும் ஈடாகாது. அவர்கள் கைவிட்ட மீன் ஆற்றுக்குப் போனதும் அதைப் பிடிக்கும் உரிமை யாருக்கு? பல இடங்களில் ஆற்றங்கரையின் ஒரு துண்டை நாள்வாடகைக்கு எடுக்க வசதியுள்ள தூண்டில்காரருக்கு. பிடித்த மீனை அவர்கள் பெரும்பாலும் திரும்ப விடுகிறார்கள் என்பது உண்மைதான், விட்ட மீன் முட்டையிடுகிறது என்பதும் உண்மைதான். ஆயினும் பாதுகாப்பு என்ற பெயரில், பிழைப்புக்காகப் பிடித்தவரிடமிருந்து பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவருக்கு மீன் கைமாறியிருக்கிறது என்று வலைக்காரர் சொன்னால், அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. இழப்பீட்டில் ஒரு பங்கையாவது ஆற்றின் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் கரையோர ஊர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கிரீன்லாந்து மக்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சால்மன் எங்கள் கடலில் எங்கள் சிறுமீனைத் தின்றுதான் மூன்று கிலோ ஆகிறது, எங்களுக்கு மட்டும் பங்கு இல்லையா என்று கேட்கிறார்கள். 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 66-ஆம் பிரிவு, மீன் பிறந்த ஆற்றை உடைய நாட்டுக்கே முதல் அக்கறையும் பொறுப்பும் என்று சொல்கிறது. ஆற்றைக் காப்பவருக்குத்தான் அடுத்த தலைமுறை மீனை உருவாக்க முடியும் என்பதால் அந்த வரிசை சரி. ஆனால் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட முடியாது. உள்ளூர் மக்கள் உண்பதற்கென்று சிறு அளவு அனுமதிப்பது அதனால்தான்.

பசிபிக் பக்கம் இதே சண்டை இன்னும் வெளிப்படையாக நடந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஆற்றங்கரைப் பழங்குடியினர், 1850-களின் ஒப்பந்தங்களில் தம் வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை எழுதி வாங்கியவர்கள். ஆனால் மீன் அவர்களிடம் வருமுன்பே கடலிலும் கரையிலும் வணிகப் படகுகள் அள்ளிவிட்டன. மிச்சத்தை ஆற்றில் பிடித்த பழங்குடியினரைத்தான் பாதுகாப்பின் பெயரால் கைதுசெய்தார்கள். 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை அவர்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979-ல் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு உறுதிசெய்தது. கடைமடைக்காரரின் பங்கைச் சட்டம் எண்ணாலேயே குறித்துச் சொன்ன அரிய சந்தர்ப்பம் அது. அதன் பிறகு தலைமடைக்காரர்கள் எவ்வளவு எடுத்தோம் என்று கணக்குக் காட்டவேண்டியதாயிற்று. 1985-ல் அமெரிக்காவும் கனடாவும் பசிபிக் சால்மன் ஒப்பந்தம் செய்தன. 1993 முதல் நடைமுறையில் உள்ள இன்னோர் உடன்படிக்கை, வட பசிபிக்கின் பொதுக்கடலில் சால்மன் பிடிப்பதையே தடைசெய்கிறது. இவ்வளவு இருந்தும் கலிஃபோர்னியாவில் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் கடலில் வணிகச் சால்மன் பிடிப்பு அடைத்துக் கிடந்தது. வறட்சியில் ஆற்றுநீர் குறைந்து சூடேறிக் குஞ்சுகள் செத்ததற்குப் படகுக்காரர் விலை கொடுத்தார்கள். கடைமடையில் செய்த தவறு தலைமடையைத் தாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளை நிறுத்துகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றல்ல. நம் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கரையை ஒட்டிய 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியபோது, அருகில் பிடிப்பவருக்கும் தொலைவில் பிடிப்பவருக்கும் இடையே வழக்கைத் தீர்த்தது. மத்திக்கும் அயிலைக்கும் சொந்த ஆறு கிடையாது, அதனால் வழக்கு கடலோடு முடிந்துவிடுகிறது. சால்மனோடு ஒப்பிடத்தக்க மீன் நம்மிடம் உல்லம். கடலில் வளர்ந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் முட்டையிட ஏறிவந்த மீன் அது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்த பின் அணைக்கு மேலே அது இல்லாமற்போனது. கீழேயும் கதவணைகளால் அருகிப்போனது. உல்லத்துக்காகக் கடலில் எத்தனை நாள் வலையை நிறுத்தினாலும், அது ஏறுவதற்குப் படி இல்லாதவரை காவிரிக் கரையில் ஒருவருக்கும் பலன் இருக்காது.

அண்ணன் மகளுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவு நீளம் இல்லை. அயர்லாந்தில் 140-க்கும் மேற்பட்ட சால்மன் ஆறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை தாய்மீன்கள் வேண்டும் என்று தனித்தனியே கணித்து, அதற்கு மேல் வருவதை மட்டும் பிடிக்க விடுகிறார்கள். ஏறக்குறைய பாதி ஆறுகள் இன்று முழுவதும் மூடப்பட்டிருக்கின்றன. கடலில் வலை நின்றதால்தான் இப்படி ஒவ்வோர் ஆற்றுக்கும் தனித்தனியாக எண்ணுவது முடிந்தது என்று எழுதினேன். அப்பாவின் குறிப்பேட்டைப் பற்றியும் எழுதினேன். அவளுக்கு அது நினைவில் இருக்கிறதாம், நீல நிற அட்டை போட்டது என்றாள். ஆற்றின் எண்ணும் கருவி ஒரு பக்கம் இருக்கட்டும், அடுத்த ஜூனில் வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், பாலத்தின் அதே இடத்தில் அரைமணி நேரம் நின்று, கண்ணில் பட்டவற்றை எண்ணித் தேதியோடு எழுதிவை என்று கேட்டுக்கொண்டேன். இந்த முறை பார்த்த மூன்றையும் முதல் வரியாகச் சேர்த்துவிட்டதாகப் பதில் அனுப்பியிருக்கிறாள். பாலத்தில் நின்ற பெரியவர் மறுபடி வந்தால் அவரையும் எண்ணச் சொல்வாளாம். வலை போட்ட கண்ணுக்குத் தண்ணீருக்குள் இன்னும் இரண்டு கூடுதலாகத் தெரியும்.